சூடாகும் கிராபிக்ஸ் கார்டு: புதியது வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கம்ப்யூட்டரில் கேம்ஸ் விளையாடுவோர் வீட்டில் கோடை காலத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் உண்டு. "கார்டு ரொம்ப சூடாகுது, மாத்திடலாம்." சென்ற 2025 மே மாதம் எங்கள் வீட்டிலும் இதே வசனம் ஒலித்தது. சொன்னவன் என் மகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எங்கள் ஊர் மதுரை. மே மாதத்தில் மதியம் இங்கு மனிதர்களே சூடாகிப் போவார்கள். கம்ப்யூட்டர் சூடாவதில் வியப்பு என்ன என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் நிலைமை கொஞ்சம் மோசமாகவே இருந்தது. ஜி.டி.ஏ. 5 விளையாடத் தொடங்கி இருபது நிமிடத்தில் கேபினட்டில் இருந்து மாவு மில் ஓடுவது போல சத்தம் வரும். பிறகு படம் திக்கித் திக்கி நகரும். கேமை மூடிவிட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடியைக் கூடத் திறக்கவில்லை. கேமை ஓட்டிப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார், தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "சார், 2017ல வாங்கின கார்டு. முடிஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு. புதுசு 28 ஆயிரத்துல போட்டுத் தரேன்."

28 ஆயிரம் ரூபாய். அடுத்த செமஸ்டருக்குக் கட்ட வேண்டிய தொகையில் பெரும் பகுதி அது. மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் "நாளைக்கு வர்றோம்" என்று சொல்லிக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் அவன் பேசவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடாகிறது என்ற ஒரே காரணத்திற்காக கிராபிக்ஸ் கார்டை மாற்றுவது, பெரும்பாலும் பணத்தை வீணாக்கும் முடிவுதான். கார்டை மாற்றுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. சூடு அவற்றில் மிக அரிதாகவே சேரும். இதனை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு முறை பணத்தை இழந்து கற்றுக்கொண்டேன்.

2006ல் செய்த தவறு

2006ம் ஆண்டு என்னிடம் 128 எம்.பி. நினைவகம் கொண்ட ஏ.ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தது. அப்போது கம்ப்யூட்டர் டேபிள் என்று ஒன்று விற்பார்கள், நினைவிருக்கும். மேலே மானிட்டர், நடுவில் இழுத்தால் வரும் கீ போர்டு பலகை, கீழே கதவு போட்ட பெட்டியில் சிபியு. வீட்டுக்கு வருபவர்கள் தொடக்கூடாது, தூசி படியக்கூடாது என்று அந்தக் கதவை நான் எப்போதும் மூடியே வைத்திருப்பேன். கேம் விளையாடினால் பத்து நிமிடத்தில் திரை உறைந்துவிடும். கார்டைத் தொட்டால் கை சுடும். கார்டு போய்விட்டது என்று முடிவு செய்து 6,500 ரூபாய்க்குப் புதிய கார்டு வாங்கினேன். அன்றைய என் சம்பளத்தில் அது பாதி. பழைய கார்டை விற்பனையாளரிடமே கொடுத்துவிட்டேன்.

புதிய கார்டும் பத்து நிமிடத்தில் உறைந்தது.

பிறகுதான் நண்பர் ஒருவர் வந்து, டேபிளின் கதவைத் திறந்து வைத்து விளையாடிப் பார்க்கச் சொன்னார். ஒரு மணி நேரம் ஓடியது. மறுநாள் தச்சர் ஒருவரை அழைத்து, டேபிளின் பின்புற பிளைவுட்டை ரம்பத்தால் அறுத்து எடுத்தோம். அவர் கூலி 50 ரூபாய். அதோடு பிரச்னை முடிந்தது. நான் கொடுத்துவிட்ட பழைய கார்டு, அதே தெருவில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இரண்டு ஆண்டுகள் ஓடியதை நானே பார்த்தேன். அங்கு போகும்போதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரைத் தவிர்த்து வேறு ஒன்றில்தான் உட்காருவேன்.

ஆகவே 2025ல் கடைக்காரர் தீர்ப்பு சொன்னபோது, அந்த பிளைவுட் பலகைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சூடு எங்கிருந்து வருகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காக இதனைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். கிராபிக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. எங்களிடம் இருப்பது என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1060 சிப், 6 ஜி.பி. நினைவகம் கொண்ட கார்டு. 2016ம் ஆண்டு ஜூலையில் இந்த வகை வெளியானது. இதன் மின்சக்தி அளவு 120 வாட். அதாவது, முழு வேகத்தில் இயங்கும்போது 100 வாட் குண்டு பல்பை விடச் சற்று அதிகமான வெப்பம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பகுதியில் உருவாகிறது.

இந்த வெப்பம் வெளியேறும் வழியில் நான்கு இடங்கள் உள்ளன. சிப்பின் மேல் தடவியுள்ள தெர்மல் பேஸ்ட், அதன் மேல் அமர்ந்துள்ள ஹீட் சிங்க், அதன் மேல் சுழலும் மின்விசிறி, கடைசியாக கேபினட்டுக்குள் வந்து போகும் காற்று. இந்த நான்கில் எது அடைபட்டாலும் சிப் சூடாகும். நான்குமே சிப்புக்கு வெளியே உள்ளவை என்பதைக் கவனியுங்கள். இவற்றை எல்லாம் சரி செய்திட முடியும்.

அறையின் வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. மின்விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், அறையில் உள்ள காற்றைத்தான் அது கார்டின் மேல் வீசும். அறை 10 டிகிரி கூடுதலாகச் சூடானால், அதே வேலைக்குக் கார்டும் ஏறத்தாழ 10 டிகிரி கூடுதலாகச் சூடாகும். குளிர் நாடுகளில் எழுதப்படும் மதிப்புரைகளில் "இந்தக் கார்டு 68 டிகிரிதான்" என்று போட்டிருந்தால், நம் ஊர் மே மாதத்தில் அதில் 12 முதல் 15 டிகிரி வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சூடு அதிகம்?

பலர் 75 டிகிரி என்ற எண்ணைப் பார்த்தவுடனே பயந்துவிடுகிறார்கள். கொதிக்கும் நீர் 100 டிகிரி, ஆகவே 75 ஆபத்து என்று ஒரு கணக்கு. சிப்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஜி.டி.எக்ஸ். 1060 சிப்பிற்கு என்விடியா தந்துள்ள உச்ச வரம்பு 94 டிகிரி செல்சியஸ். 83 டிகிரியை நெருங்கும்போதே கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும். ஏ.எம்.டி. நிறுவனம் 2019ல் ரேடியான் ஆர்.எக்ஸ். 5700 வரிசையை வெளியிட்டபோது, சிப்பின் மிகச் சூடான புள்ளி 110 டிகிரி வரை செல்வது எதிர்பார்த்ததே என்று விளக்கம் தந்தது. ஆகவே உங்கள் கார்டின் வரம்பு என்ன என்பதைத் தயாரிப்பாளர் தரும் விவரத்தில் பார்த்த பிறகே பயப்பட வேண்டும்.

வெப்பத்தை எப்படிப் பார்ப்பது? 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் இருந்து, டாஸ்க் மானேஜரிலேயே இது காட்டப்படுகிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தவும். பெர்பாமன்ஸ் டேபைக் கிளிக் செய்து, ஜி.பி.யு. என்பதைத் தேர்ந்தெடுத்தால் வெப்ப அளவு தெரியும். இன்னும் விரிவாகத் தெரிய வேண்டுமெனில் ஜி.பி.யு.-இசட், எச்.டபிள்யூ.இன்போ ஆகிய புரோகிராம்கள் உள்ளன. வீட்டில் பயன்படுத்த இரண்டும் இலவசம். வெப்பத்தோடு, சிப் இயங்கும் வேகம், மின்விசிறியின் சுழற்சி ஆகியவற்றையும் இவை காட்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் கார்டில் நாங்கள் கண்டது இது. அறை 36 டிகிரி. கேம் தொடங்கும்போது சிப்பின் வேகம் 1850 மெகா ஹெர்ட்ஸ். இருபது நிமிடத்தில் வெப்பம் 93 டிகிரியைத் தொட்டது. வேகம் 1500க்கும் கீழே விழுந்தது. படம் திக்கியதன் காரணம் இப்போது புரிந்தது. கார்டு சாகவில்லை; சாகாமல் இருக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் செய்தது என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தரையில் பழைய பாயை விரித்து நானும் மகனும் உட்கார்ந்தோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்குப் பின்னும் இருபது நிமிடம் அதே கேம், பிறகு வெப்பத்தைக் குறித்தல் என்று முறை வைத்துக்கொண்டோம். இதுதான் முக்கியம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தால், எது சரி செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

1. கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு விளையாடிப் பார்த்தோம். 93 டிகிரி 87 ஆனது. செலவு ஏதுமில்லாத இந்தச் சோதனையை எல்லாரும் முதலில் செய்திட வேண்டும். மூடியைத் திறந்தால் வெப்பம் நன்றாகக் குறைகிறது எனில், கேபினட்டுக்குள் காற்று ஓட்டம் சரியில்லை என்று பொருள். அந்த நிலையில் எந்தப் புதிய கார்டைப் போட்டாலும் அதுவும் சூடாகும். என் 2006ம் ஆண்டு கதை இதுதான். எங்கள் கேபினட்டின் முன்புற வலையில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. அது போதாதென்று, கேபினட்டின் பின்புறம் சுவரோடு ஒட்டியிருந்தது. வலையைச் சுத்தம் செய்து, கேபினட்டைச் சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம்.

2. கம்ப்யூட்டரை நிறுத்தி, மின்சார ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினோம். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கழற்றினோம். ஸ்லாட்டின் முனையில் உள்ள சிறு கொக்கியை அழுத்தினால்தான் கார்டு வெளியே வரும். இழுத்துப் பிடுங்கக் கூடாது. பெயின்ட் பிரஷ் ஒன்றால் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே இருந்த தூசியை எடுத்தோம். எட்டு ஆண்டுத் தூசி ஒரு கை நிறைய வந்தது. புளோயர் பயன்படுத்துபவர்கள் மின்விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். வீடு கூட்டும் வேக்குவம் கிளீனரும் ஈரத் துணியும் வேண்டாம். இதன் பின் மூடியையும் மாட்டிப் பார்த்தோம்: 80 டிகிரி.

3. அடுத்தது தெர்மல் பேஸ்ட். எட்டு ஆண்டுகளில் அது காய்ந்து, சுண்ணாம்புப் பொருக்கு போல ஆகியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அதனைத் துடைத்தோம். செல்போன் சர்வீஸ் கடைகளில் இது கிடைக்கும். மின்சாரம் கடத்தாத வகைப் பேஸ்ட்டை, ஒரு சிறு பட்டாணி அளவு எடுத்து சிப்பின் மேல் மெலிதாகப் பரப்பி, ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி எதிர் எதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்கினோம். நினைவகச் சிப்களின் மேல் உள்ள ரப்பர் போன்ற தெர்மல் பேட் கிழிந்திருந்தால், அதே தடிமனில்தான் புதியது போட வேண்டும். தடிமன் மாறினால் ஹீட் சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது. மின்விசிறியின் ஒயர் கார்டில் ஒரு சிறு கனெக்டரில் மாட்டப்பட்டிருக்கும். அதனை மறந்துவிட்டு ஹீட் சிங்க்கைத் தூக்கினால் ஒயர் அறுந்துவிடும். இதன் பின் வெப்பம்: 75 டிகிரி.

4. கடைசியாக, கேமின் வேகத்திற்கு ஒரு வரம்பு வைத்தோம். எங்கள் மானிட்டர் ஒரு விநாடிக்கு 60 பிரேம்களைத்தான் காட்டும். கார்டு 90 பிரேம்களை உருவாக்கினால் மீதமுள்ள 30 யாருக்கும் பயன்படாத உழைப்பு. என்விடியா கண்ட்ரோல் பேனலில், மேனேஜ் த்ரீடி செட்டிங்ஸ் பிரிவில், மேக்ஸ் பிரேம் ரேட் என்ற வசதி 2020 ஜனவரியில் வந்த டிரைவரில் இருந்து உள்ளது. அதில் 60 என அமைத்தோம். ஏ.எம்.டி. கார்டு வைத்திருப்பவர்கள் ரேடியான் சில் என்ற வசதியைப் பயன்படுத்தலாம். இறுதி அளவு: 69 டிகிரி. மாவு மில் நின்றுவிட்டது.

மொத்தச் செலவு, பிரஷ், ஆல்கஹால், பேஸ்ட் எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் கார்டு இன்னும் வாரண்டி காலத்தில் இருந்தால், மேலே உள்ள மூன்றாவது வேலையைச் செய்யாதீர்கள். ஹீட் சிங்க்கைக் கழற்றினால் சில நிறுவனங்கள் வாரண்டி தர மறுக்கலாம். பில்லைத் தேடி எடுத்து, சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதே சரி. கையில் நடுக்கம் உள்ளவர்களும், இதற்கு முன் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காதவர்களும் முதல், இரண்டாவது, நான்காவது வேலைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். அவையே பெரும்பாலும் போதும்.

குற்றவாளி வேறு யாராகவும் இருக்கலாம்

கார்டின் மேல் பழி போடும் முன் கேமையும் டிரைவரையும் விசாரிக்க வேண்டும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவர், மின்விசிறியின் வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாததால் கார்டுகள் அளவுக்கு மீறிச் சூடாயின. நிறுவனமே அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வெளியான ஸ்டார்கிராப்ட் 2 கேமில், மெனு திரைகளில் பிரேம்களுக்கு வரம்பு இல்லை. யாரும் விளையாடாமல் மெனு மட்டும் திறந்திருக்கும்போது கூட கார்டு முழு வேகத்தில் உழைத்தது. பைலில் இரண்டு வரிகளைச் சேர்த்து வரம்பு அமைத்துக்கொள்ளும்படி பிளிசார்ட் நிறுவனம் அறிவுரை தந்தது. அன்று எத்தனை பேர் டிரைவரை மாற்றிப் பார்க்காமல் கார்டை மாற்றினார்களோ!

அதே நேரத்தில், கார்டே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. 2008 ஜூலையில், லேப்டாப்களில் இருந்த தன் சில சிப்கள் வழக்கத்திற்கு அதிகமாகப் பழுதாவதை என்விடியா ஒப்புக்கொண்டு, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிப்பையும் அதன் அடித்தளத்தையும் இணைக்கும் பொருள் பலவீனமாக இருந்ததே காரணம். சூடாகி, குளிர்ந்து, மீண்டும் சூடாகும்போது அந்த இணைப்புகளில் விரிசல் விழுந்தது. அப்படிப்பட்ட பழுதை பிரஷ்ஷும் பேஸ்ட்டும் சரி செய்யாது. கார்டை அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் பிழைக்கும் என்று சொல்வோரை நம்பாதீர்கள். சில நாள் ஓடினாலும் மீண்டும் போய்விடும். அடுப்பில் நச்சுப் புகை படிவதுதான் மிச்சம்.

எப்போது மாற்றலாம்?

என் கருத்தில் கீழ்க்காணும் நிலைகளில் தயங்காமல் மாற்றலாம்.

கம்ப்யூட்டரை இயக்கியவுடன், கார்டு சூடாகும் முன்னரே, திரையில் வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால், சிப் அல்லது நினைவகம் பழுது. முதலில் மானிட்டர் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வரவும்.

மேலே சொன்ன அனைத்தையும் செய்த பின்னும், மின்விசிறிகள் சரியாகச் சுற்றும்போதும், வெப்பம் வரம்பைத் தொட்டால் மாற்றலாம். மின்விசிறி மட்டும் நின்றுவிட்டது என்றால் மின்விசிறியை மட்டும் மாற்றினால் போதும்.

கம்ப்யூட்டர் கேமின் நடுவே பட்டென்று முழுவதும் அணைந்து போனால், அவசரப்பட வேண்டாம். சூடான கார்டு முதலில் வேகத்தைக் குறைக்கும். மொத்தமாக அணைவது பல நேரங்களில் எஸ்.எம்.பி.எஸ். அல்லது ப்ராசசர் மின்விசிறியின் கோளாறாகவே இருக்கிறது.

கடைசியாக, உங்களுக்கு வேண்டிய கேம் அந்தக் கார்டில் ஓடவே ஓடாது என்றால் மாற்றலாம். இதைத்தான் நான் மகனிடம் கற்றுக்கொண்டேன்.

மகன் சொன்னதும் சரிதான்

அன்று இரவு 69 டிகிரி என்ற எண்ணைப் பார்த்து நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். அவன் முகத்தில் அந்த அளவு மகிழ்ச்சி இல்லை. கேட்டதற்கு, "சூடு சரியாயிடுச்சுப்பா. ஆனா புது கேம் எதுவும் இதுல ஓடாதுப்பா" என்றான்.

அவன் சொன்னது உண்மை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ஆகியவற்றிற்கு ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இருக்க வேண்டும். ஜி.டி.எக்ஸ். 1060ல் அது இல்லை. எவ்வளவு துடைத்தாலும் வராது. பிறகு 2025 ஜூலை இறுதியில் இன்னொரு செய்தியையும் கொண்டு வந்து காட்டினான். எங்கள் கார்டு சேர்ந்த பாஸ்கல் வரிசைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நிறுத்தப்படும், பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. எங்கள் முன் இருந்தவை இரண்டு தனித்தனி கேள்விகள். கார்டு ஏன் சூடாகிறது என்பது ஒன்று. இந்தக் கார்டு நமக்குப் போதுமா என்பது மற்றொன்று. கடைக்காரர் முதல் கேள்விக்கு இரண்டாவதின் பதிலைச் சொன்னார். மகன் இரண்டாவது கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு முதலாவதைப் பேசினான். அப்பாவிடம் "புது கேம் வேண்டும்" என்று கேட்பதை விட "கார்டு கெட்டுப் போச்சு" என்று சொல்வது எளிதாக இருந்திருக்கும். அந்தத் தயக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது கேள்வியைத் தனியே எடுத்து, காகிதத்தில் கணக்குப் போட்டோம். எங்கள் கம்ப்யூட்டரின் ப்ராசசர் இன்டெல் ஏழாவது தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அதனை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது; வீட்டுப் பயனாளர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்களுக்கும் மைக்ரோசாப்ட் 2026 அக்டோபர் 13 என்று கெடு வைத்தது. எஸ்.எம்.பி.எஸ். 400 வாட், அதுவும் எட்டு ஆண்டு பழையது. அதில் கார்டுக்கென்று இருப்பது ஒரே ஒரு 6 பின் கனெக்டர். மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட், 6 பின் தரும் 75 வாட், ஆக 150 வாட்டுக்கு மேல் கேட்கும் கார்டை இதில் மாட்டவே முடியாது. 8 பின் கனெக்டர் 150 வாட் தரும்; அது எங்களிடம் இல்லை. 28 ஆயிரத்தை அன்று கார்டில் போட்டிருந்தால், அதனைத் தொடர்ந்து எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, ப்ராசசர், ராம் என்று வரிசையாகக் கை நீட்டியிருக்கும்.

பழைய கார்டு வாங்கலாமா என்றும் யோசித்தோம். 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம் கார்டுகளைக் கொண்டு தோண்டும் முறையைக் கைவிட்ட பின், இரவு பகலாக உழைத்த ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. பழைய கார்டு வாங்குவது தவறில்லை. ஆனால் அரை மணி நேரம் கேம் ஓட்டி, வெப்பத்தை நம் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பார்க்க விடாதவரிடம் வாங்கக் கூடாது.

முடிவாக, இப்போதைக்கு 1060ஐயே வைத்துக்கொள்வது, செமஸ்டர் கட்டணத்தைக் கட்டிவிடுவது, கல்லூரி முடியும்போது முழுக் கம்ப்யூட்டரையும் புதிதாக அமைப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து வரும் பணத்தில் பாதியை அவன் அதற்காகச் சேர்க்கிறான். மீதி என்னுடையது. கார்டு இன்றும் ஓடுகிறது. பொங்கலுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது அதனையும் ஒரு முறை துடைத்து வைத்தோம்.

கடைக்காரர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தூசி தட்டிக் கொடுத்தால் அவருக்கு நாம் 200 ரூபாய் கொடுக்கவே யோசிக்கிறோம். புதிய கார்டு விற்றால் அவருக்குக் கூடுதல் லாபம். அவர் எதைச் சொல்வார் என்பதில் வியப்பில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "சுத்தம் பண்ணி, பேஸ்ட் மாத்திக் கொடுங்க, கூலி என்னன்னு சொல்லுங்க" என்று நீங்களே கேளுங்கள். பலர் மகிழ்ச்சியாகச் செய்து தருவார்கள்.

உங்கள் கார்டும் சூடாகிறதா? கடைக்குக் கிளம்பும் முன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, இருபது நிமிடம் விளையாடி, வெப்பம் எவ்வளவு குறைகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு, பணப்பையைத் திறப்பதா, பெயின்ட் பிரஷ் வாங்குவதா என்று முடிவு செய்யலாம். பிரஷ் 30 ரூபாய்தான்.